உன் அப்பாவின் பெர்மிட் தேதி

தம்பி,

அன்றைக்கு நம் உலு திராம் வீட்டு ஹாலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் நீ, பாசிர் கூடாங் தொழிற்சாலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல். சமையலறை வாசலில் தேநீர்த் தட்டோடு உன் மனைவி மாலதி. தரையில் கால் நீட்டி உன் மகள் தர்ஷினி. அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பெர்த்துக்கும் போகவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, காக் ரோஸ், வாழைப்பழப் பலகாரம் கொடுக்க வந்தவள், கொடுத்த பிறகும் போகாமல் நின்றாள். போனில், ஸ்பீக்கரில், திருச்சிப் பக்கத்து ஊரிலிருந்து உன் அத்தை செல்லம்மா. சோபாவில், தன் சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்து உன் அப்பா. அவர் மடியில் பாஸ்போர்ட், அதில் முப்பது நாள் என்று முத்திரை அடித்த புதுச் சாப்பு. அவருக்கு எதிரில் நான்.

காலையில் விமான நிலையத்தில் அவரைத் தனி அறையில் உட்காரவைத்து, நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கும் அவருடைய சிவப்பு ஐசி அட்டையையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு இங்கே நிரந்தரமாக வாழ்கிறவர் வெளியே போனால், திரும்பி வரும் பெர்மிட் முடிவதற்குள் வந்து சேர வேண்டும். அவர் வந்து இறங்கியது பெர்மிட் முடிந்து பத்தொன்பதாம் நாள். இந்தியாக்காரர்களை இப்போது விசா இல்லாமலே முப்பது நாள் விடுகிறார்கள் என்பதால் உள்ளே வர முடிந்தது. எட்டு வயதில் கப்பலில் வந்து, அறுபது வருடத்துக்கு மேல் ஜொகூரில் வாழ்ந்து, அரசாங்கத் தோட்டக்காரராக ஓய்வுபெற்று, இங்கேயே பென்சன் வாங்கும் மனிதர் சுற்றுலாக்காரராக வந்து இறங்கினார்.

"அப்பா, பெர்மிட் முடிஞ்சிருச்சு. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று நீ கத்தினாய். அவர் பாஸ்போர்ட் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். நீ என் பக்கம் திரும்பினாய். "ஏம்மா, நீ சொல்லலையா? எல்லாத் தேதியும் நீதானே சொல்லுவ?" ஐந்து பேர் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி போனில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். "மறந்துட்டேன்பா," என்றேன்.

நான் மறக்கவில்லை, தம்பி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பாய். அடுத்த மாதம் நீ பெர்த்துக்குப் போகிறாய். முன்கூட்டியே ஓய்வு வாங்கிவிட்டாய், தர்ஷினிக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, நீண்ட விசா கிடைத்துவிட்டது. மாலதி பள்ளி வேலை முடியும் வரை இரண்டு வருடம் இங்கே இருப்பாள். போன செவ்வாய்க்கிழமை நீ உன் காகிதக் கோப்பைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "தேதியெல்லாம் நீ பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போனாய். நீங்கள் இருவரும் பேசிப் பதினொரு நாள் ஆகிறது. என்ன சண்டை என்று நான் கேட்கவில்லை. நீ போன பிறகு மாலதி அந்தக் கோப்பைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பார்வையை நான் அறிவேன். அதே பார்வையோடு நான் இரண்டரை மாதம் இருந்தேன். அதனால்தான் மூன்று நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். இதை உறையில் ஒட்டாமல் தருகிறேன். மாலதி படிக்கட்டும், தர்ஷினிக்குப் படம் எடுத்து அனுப்பு. ஒருவர் இங்கே, ஒருவர் வெளிநாட்டில் என்று ஓய்வுக் காலத்தைக் கழிக்கிறவர்கள் உன் சிநேகிதர்களில் யாராவது இருந்தால் அவர்களிடமும் கொடு. எனக்கு வெட்கமில்லை. வெட்கப்படும் வயதைத் தாண்டிவிட்டேன்.

தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கொஞ்சம்தான் தெரியும். மறதி கொஞ்சமும் தெரியாது. உன் மோட்டார் சைக்கிள் ரோட் டாக்ஸ், உன் அப்பாவின் கண் டாக்டர் நாள், தர்ஷினியின் தடுப்பூசி எல்லாம் என் தலையில் இருந்தன. என் அக்கா, உன் பெரியம்மா, அவள் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொண்டுவந்து தராமல் தபாலில் அனுப்பினாளே, அந்த உறையில் ஸ்டாம்பு கோணலாக ஒட்டியிருந்தது வரை எனக்குத் தெரியும். அதன் பிறகு பதினாறு வருடம் அவள் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. "அம்மா இருக்கும்போது நமக்கு எதுக்கு காலண்டர்?" என்று நீ சிரிப்பாய். நானும் பெருமையாக இருந்தேன். அது தப்பு. தேதிகளையெல்லாம் ஒருத்தி தலையில் வைத்தால், அவள் கோபப்படும்போது எல்லாத் தேதியும் அவளோடு சேர்ந்து கோபப்படும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சிவப்பு ஐசியோடு அவர் ஏன் கிடந்தார் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது, குடியுரிமை நேர்காணலுக்கு ஆள் கூட்டிப்போக ஒரு லோரி வந்தது. மலாய் பேசத் தெரிகிறதா என்று கேட்பார்கள் என்று ஒரு மாதமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டே பேசிப் பழகினார். லோரி வந்த காலையில் எனக்கு வலி எடுத்தது. அவர் நேர்காணலுக்குப் போகும் ஆண்களையெல்லாம் இறக்கிவிட்டு, என்னைப் பின்னால் பாய் போட்டுப் படுக்கவைத்து, குளுவாங் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் நீ பிறந்தாய். மற்றவர்கள் அடுத்த லோரியில் போய்க் குடிமக்களுக்கான நீல ஐசி வாங்கிக்கொண்டார்கள். இவர் அடுத்த மாதம், அடுத்த வருடம் என்றார். "நான் எங்க போகப்போறேன்? சிவப்பா இருந்தா என்ன, நீலமா இருந்தா என்ன, ரப்பர் மரத்துக்கு கலர் தெரியுமா?" உன் மேல் பழி போடவில்லை. ஆனால் சும்மா விட்டுவிட்ட காகிதம் செத்துப்போவதில்லை. அது ஒரு மூலையில் உட்கார்ந்து நம் முறை வரும் வரை காத்திருக்கும். உனக்கு அந்த நாட்டில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் அன்றைக்கே முடித்துவிடு.

செல்லம்மா அத்தை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது அவள் வீட்டில் ஆள் இல்லை. புருஷன் போய்விட்டான், பிள்ளை இல்லை. அண்ணன் போவதில் நியாயம் இருந்தது, நான் தடுக்கவில்லை. செல்லம்மாவை எனக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம். ஒரு முறை இங்கே வந்து மூன்று மாதம் தங்கினாள். நான் கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவுவாள், நான் பார்க்கும்படி. நீ அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாஸ்போர்ட்டில் பெர்மிட் போட்டுக் கொண்டுவந்தாய். இதே மேசையில் உட்கார்ந்து தேதியைச் சத்தமாகப் படித்தாய். "அம்மா, இது முக்கியம். இதுக்குள்ள அப்பா வரணும். ஞாபகம் வெச்சுக்க." அந்தத் தேதியை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். உனக்குத் தெரியும். நான் அதை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லிக்கொள்கிறேன் என்பது மட்டும் உனக்குத் தெரியாது.

இரண்டு வருடம் ஒழுங்காகத்தான் போனது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போன். பென்சன் இங்கே வங்கியில் விழும், நீ அனுப்பிவைப்பாய். வருடத்துக்கு ஒரு முறை அவர் உயிரோடு இருக்கிறார் என்று அங்குள்ள அதிகாரியிடம் சாப்பு வாங்கி ஒரு பாரம் அனுப்புவார், நாம் இங்கே கொடுப்போம். இரண்டாவது வருடம் அந்தப் பாரம் வந்தபோது தர்ஷினியைப் படிக்கச் சொன்னேன்.

"எல்லாம் சரியா இருக்கு பாட்டி. தாத்தா கையெழுத்து இருக்கு, அந்த ஆபீசர் சாப்பு இருக்கு. ஏதாவது ஆனா யாருக்குச் சொல்லணும்னு ஒரு கட்டம், அதுல அத்தைப் பாட்டி பேரு."

"யாரு பேரு?"

"செல்லம்மா பாட்டி. உறவுன்ற எடத்துல தங்கச்சின்னு போட்டிருக்காரு."

"என் பேரு எங்க இருக்கு?"

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அலமாக், ஒரு பாரம்தானே லா பாட்டி. விடுங்க."

நான் விடவில்லை. ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவள் நான். அவர் செத்தால் அரசாங்கம் முதலில் செல்லம்மாவுக்குச் சொல்லும். அவள் எனக்குச் சொன்னால் நான் தெரிந்துகொள்வேன். அப்படித்தான் அந்தக் கட்டம் என் கண்ணில் நின்றது. இதைப் போனில் கேட்டிருக்கலாம். ஒரு கேள்வி. "ஏன் அவ பேர போட்டீங்க?" நான்கு சொல். நான் கேட்கவில்லை. அவரே சொல்லட்டும் என்றிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போனில் என் பேச்சு சுருங்கியது.

பிறகு தர்ஷினிக்கு நிச்சயதார்த்தம் முடிவானது. அப்பாவை வரவழைக்க நீ கம்ப்யூட்டரில் டிக்கெட் பார்த்தாய். நான் பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஒரு தேதி சொன்னாய். "நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்னாடி வந்தா போதும்லம்மா? பெர்மிட் ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" பெர்மிட் முடிய அன்றைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. நீ சொன்ன தேதி முடிந்த பிறகு வருவது. எனக்குத் தெரியும். கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "ம்," என்றேன்.

அந்த ஓர் எழுத்துதான், தம்பி, என் வாழ்நாளின் பெரிய பாவம். என் மனதில் என்ன இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், நீ இன்னும் மோசமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. ரோட் டாக்ஸ் முடிந்தால் என்ன ஆகும்? அபராதம், கொஞ்சம் திட்டு, முடிந்தது. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் நிற்கவைப்பார்கள், அவர் வேர்த்துப்போய் எனக்குப் போன் போடுவார், "நீ சொல்லியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்பார், "ஏன், உங்க தங்கச்சிய கேட்டுக்க வேண்டியதுதானே?" என்பேன். அந்த ஒரு வசனத்தைச் சொல்லத்தான் நான் காத்திருந்தேன். அதைப் பல முறை சொல்லிப் பார்த்துத் தயாராக வைத்திருந்தேன். ஒரு நாடே கதவைச் சாத்திவிடும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பது சாக்கு இல்லை. உன்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய்.

நடுவில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. "சாப்பிட்டியா?" "ம்." "முழங்கால் வலி எப்படி இருக்கு?" "இருக்கு." "வேற என்ன?" "ஒண்ணுமில்ல." இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை "வேற என்ன?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஒன்றுமில்லை என்றேன். பெர்மிட் முடிந்த நாளில் காலையில் எழுந்து குளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, வழக்கம் போல மீன் வாங்கப் போனேன்.

அதனால் அந்த ஹாலில், "மறந்துட்டேன்பா," என்று நான் சொன்னபோது, உன் அப்பா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தயாராக வைத்திருந்த வசனத்துக்கு அங்கே இடமே இல்லை. அவர் உன்னிடம் சொன்னார்: "வயசாயிடுச்சுப்பா. மறக்கும்தானே. விடு. அவகிட்ட கத்தாத." பிறகு மாலதியைப் பார்த்து, "என்னம்மா, டூரிஸ்ட்டுக்கு டீ கெடைக்குமா?" என்றார். காக் ரோஸ்கூடச் சிரித்தாள். போனில் செல்லம்மா மட்டும், "அண்ணே," என்று ஏதோ ஆரம்பித்தாள். "நீ வை," என்று சொல்லிப் போனை அணைத்துவிட்டார். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

நான் சொன்ன பொய்யை நீ நம்பிவிட்டாய். அதுதான் எனக்குக் கிடைத்த முதல் தண்டனை. அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாய். அந்த மலாய்க்கார டாக்டர் பெண், உன் மகள் வயதுதான் இருக்கும், ஐந்து பொருள்களின் பெயர் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன் என்றாள். வாழைப்பழம், குடை, சாவி, பஸ், செருப்பு. செத்தாலும் எனக்கு மறக்காது. கேட்டபோது மூன்றைச் சொல்லிவிட்டு, தெரியவில்லை என்று தலையாட்டினேன். நீ என் தோளில் கை வைத்தாய். வெளியே வந்து எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாய். "பரவால்லம்மா. நாங்க இருக்கோம்ல," என்றாய். அந்தக் கையும் அந்த இளநீரும் நான் உன்னிடம் திருடியவை.

அதன் பிறகு நான் மறதிக்காரியாகவே வாழ வேண்டியிருந்தது. மாலதி பாவம், உப்பு, சீனி, மிளகு என்று டப்பா டப்பாவாக எழுதி ஒட்டினாள். உன் சித்தி வந்து, நான் கொடுத்த இட்லிப் பானையை எப்போதோ திருப்பித் தந்துவிட்டதாகச் சொன்னாள். தரவில்லை. அது இன்றைக்கும் அவள் வீட்டு அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. "இருக்கலாம், எனக்கு எங்க ஞாபகம்," என்று சொன்னேன். நான் பல்லைக் கடித்தது எனக்குத்தான் தெரியும்.

அந்த முப்பது நாளும் நீ லீவு போட்டு அலைந்தாய். மனைவி இங்கே குடிமகள் என்பதால், கணவன் என்ற முறையில் நீண்ட நாள் தங்க விண்ணப்பிக்கலாம் என்றார்கள். கல்யாணச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். நம் ஆட்களில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது? தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினார், மேளம் அடித்தது, ஆட்டுக்கறி போட்டார்கள். பதியவில்லை. காகிதம் வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கல்யாணத்தை விவரம் தெரிந்த வயதில் பார்த்தவர்களில் இங்கே உயிரோடு இருந்தது உன் பெரியம்மா ஒருத்திதான். தபாலில் பத்திரிகை அனுப்பியவள். பதினாறு வருடம் கழித்து அவள் வாசலில் போய் நின்றேன். "இப்பதான் வழி தெரிஞ்சுச்சா?" என்றாள். "சாட்சிக் கையெழுத்து வேணும்," என்றேன். "அதுக்குத்தான் வந்தியா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடினாள். அந்த அலுவலகத்தில் நாங்கள் இரண்டு கிழங்களும் மாலை இல்லாத மாப்பிள்ளை பெண்ணாக உட்கார்ந்திருந்தோம். உங்கள் சம்மதத்தோடு நடந்த கல்யாணமா என்று அங்கிருந்த அதிகாரி அம்மா மலாயில் கேட்டாள். உன் அப்பா தமிழில் என்னிடம், "என்ன சொல்ல? இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன்னு சொல்லவா?" என்றார். நான் சிரித்தேன். அழுகையை அடக்குவதற்கு அது ஒன்றுதான் வழியாக இருந்தது.

சான்றிதழ் முப்பது நாளுக்குள் வரவில்லை. "ஒரு நாள் கூடுதலா இருந்தாலும் பேர கறுப்புப் பட்டியல்ல ஏத்திடுவாங்க. அப்புறம் வரவே முடியாது," என்று சொல்லி அவர் சட்டையை மடித்து வைத்தார். நிச்சயதார்த்தத்தில் பேத்திக்கு மோதிரம் எடுத்துக் கொடுத்த கையால். விமான நிலையத்தில் நீ காரை நிறுத்தப் போயிருந்தாய். நாங்கள் இருவரும் தனியாக நின்றோம். "அந்தத் தேதி..." என்று ஆரம்பித்தேன். "மறந்துட்ட. டாக்டரே சொல்லிட்டாங்க. விடு," என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருக்குத் தெரியும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று நின்றேன். "வெயில் ஏறுது, நீ உள்ள போ," என்றார்.

ஏழு மாதம் கழித்து, பாஸ்போர்ட்டோடு நேரில் வரச்சொல்லி அவர் பெயருக்குக் கடிதம் வந்த வாரத்தில், செல்லம்மா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். எனக்கு விசா எடுத்து முடிப்பதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிடும் என்று நீ தனியாகப் போய்க் கொள்ளி வைத்தாய். நான் இந்த ஹாலில் அவருடைய நாற்காலிக்கு முன்னால் விளக்கு ஏற்றினேன். காக் ரோஸ் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முகம் பார்க்கவில்லை, தம்பி. ஐம்பது வருடம் பார்த்த முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை.

விதவைப் பென்சனுக்கு அவருடைய பாஸ்போர்ட்டும் சிவப்பு ஐசியும் வேண்டும் என்றார்கள். நீ கொண்டுவர மறந்ததால் செல்லம்மா பார்சலில் அனுப்பினாள். நீ வேலைக்குப் போயிருந்தாய், நான்தான் பிரித்தேன். பாஸ்போர்ட்டுக்குள் தினக் காலண்டர் தாள் ஒன்று மடித்து வைத்திருந்தது. எனக்கு எண் படிக்கத் தெரியும். அந்தத் தேதி. செல்லம்மாவுக்கு நானாகப் போன் போட்டது என் வாழ்க்கையில் அது ஒரு முறைதான்.

"அந்தத் தாளா அண்ணி? அது அண்ணன் கிழிச்சு வெச்சது. பெர்மிட் முடியிற தேதி."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம? தெனம் காலண்டர் முன்னாடி போய் நிப்பாரு. டிக்கெட்ட பிந்திப் போட்டுட்டாங்களே, உங்க மகன்கிட்ட சொல்லி மாத்திக்க வேண்டியதுதானேன்னு நான் கேட்டேன். 'அவளுக்குத் தெரியாத தேதியா? அவ வரச்சொல்லட்டும், மாத்திக்கலாம்'னாரு. ஞாயித்துக்கெழம உங்ககிட்ட பேசிட்டு வந்து, 'இன்னிக்கும் சொல்லல செல்லம்மா'ம்பாரு. தேதி அன்னிக்கு ராத்திரி சாப்பாடு எறங்கல. 'அவளுக்கு நான் வேணாம் போலிருக்கு'ன்னு சொல்லிட்டு இந்தத் தாள கிழிச்சு உள்ள வெச்சாரு."

அவளே தொடர்ந்தாள். "அந்தப் பென்சன் பாரத்துல என் பேர பாத்து கோவமான்னு அண்ணனுக்கு ஒரு சந்தேகம். முதல்ல உங்க பேரத்தான் எழுதினாரு அண்ணி. இங்க பக்கத்துல இருக்கிற ஆளு பேருதான் போடணும்னு ஆபீசர் வேற தாள் குடுத்து எழுத வெச்சாரு. உங்ககிட்ட சொல்லிடலாம்னேன். 'அவ கேக்கட்டும்'னுட்டாரு."

அவ கேட்கட்டும். அவர் சொல்லட்டும். இதற்கு நடுவில்தான் அந்தத் தேதி போனது. இப்போது உனக்கு எல்லாம் தெரியும்.

நீ பெர்த்துக்குப் போ. போவதற்கு முன்னால் மாலதியோடு அந்த மேசையில் உட்கார். உன் விசா முடியும் தேதி, உன் ஓய்வுப் பணத்துக்கான பாரம், அங்கே யார் பெயர், இங்கே யார் பெயர், ஏன் அந்தப் பெயர் என்று ஒவ்வொன்றாக அவளிடம் வாயால் சொல். எழுதியும் வை. அவள் பெயர் இல்லாத கட்டம் இருந்தால், அதை அவள் வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது. அவள் போனில் "ம்" என்றால் நம்பிவிடாதே. ஒரு முறைக்கு இரண்டு முறை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நான் வரவா?" என்று கேள். கேட்டால் உன் மரியாதை குறைந்துவிடாது. மாலதி, நீயும் படிக்கிறாய் என்று தெரியும். அவன் கேட்கவில்லை என்றால் நீ சொல்லிவிடு. பிறகு எவ்வளவு நாள் வேண்டுமானாலும் கோபமாக இரு. நான் உன் பக்கம்.

என்னை மன்னித்துவிடு என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ சரி என்று சொல்லிவிடுவாய், எனக்கு இன்னொரு இளநீர் வாங்கிக் கொடுப்பாய். கொஞ்ச நாள் என்னைக் கோபித்துக்கொள். எனக்கு அது வேண்டியிருக்கிறது. பெரியம்மாவை மன்னித்துவிட்டேன், செருப்பைத் தேடிக்கொண்டு வந்தாளே, அதற்காக. செல்லம்மாவைப் பாதி மன்னித்தேன். அந்த ஹாலில் உண்மையைச் சொல்ல அவள்தான் வாயைத் திறந்தாள். பாஸ்போர்ட்டில் முப்பது நாள் சாப்பு அடித்த பிள்ளை மேல் எனக்கு ஒன்றுமில்லை, அவன் தேதியைப் பார்த்தான், அவ்வளவுதான். என்னைக்கூடச் சில காலைகளில் மன்னித்து, மத்தியானத்துக்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஆள் இருக்கிறார். தேதி தெரிந்திருந்தும், டிக்கெட் தப்பு என்று தெரிந்திருந்தும், என் கோபத்தை வேண்டாம் என்ற பதிலாக எடுத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தவர். பிறகு இந்த வீட்டுக்கு வந்து முப்பது நாள் என் பொய்யைத் தானே தாங்கிப் பிடித்து, ஒரு வார்த்தை திட்டாமல், என்னைப் பதிலுக்குத் திட்டவும் விடாமல் போய்ச் சேர்ந்தவர். அவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். தாலி கட்டிய நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பெயர் அது. இன்றைக்கு என் கையால், பாரத்தில் எழுதுவது போல் முழுசாக எழுதுகிறேன்: வீராசாமி த/பெ அங்கமுத்து.